முதல் மாத்திரை டிரைவருக்கு

எங்கள் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையில் ஒரு தலைவலி மாத்திரை வாங்குவதற்குள் ஒரு பரீட்சையே எழுதி முடித்துவிடலாம். வயது என்ன, எத்தனை நாளாக வலி, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், வயிற்றில் புண் உண்டா, வண்டி ஓட்டுகிறவரா என்று கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் அம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்பார். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். வாங்க வந்தவர் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தெருவிலும் வைத்துக்கொண்டு தவிப்பார். அம்மாள் அசைய மாட்டார். நிலையத்தில் எல்லோரும் அவரைக் கேள்விக்காரம்மா என்றுதான் சொல்வோம். அவருக்கும் அது தெரியும்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதில் ஒளிவு மறைவு என்ன இருக்கிறது, மூன்று வருடம் அந்தக் கடைப் படியை நான் மிதிக்கவே இல்லை. இன்றைக்கு அவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போகிற முதல் ஆளும் நான்தான். இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். ஒரு அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை வீடு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர், முப்பத்து நாலு வயதில் திடீரென்று மருந்தாளர் படிப்புக்கு மனு போட்டாராம். மகள் ஆறாம் வகுப்பு. அம்மாவும் மகளும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். வேதியியலில் இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாவது தடவை தேறினார். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சான்றிதழை மகளிடம்தான் முதலில் காட்டினார், அவள்தான் இவருக்குப் பாடம் ஒப்பிக்க வைத்தவள்.

அந்த வீட்டில் யாருக்கோ ஏதோ கெடுதல் நடந்ததால்தான் இவர் இப்படிக் கேள்வி கேட்கிறார் என்று எங்கள் டீக்கடையில் ஒரு கதை உண்டு. அதெல்லாம் கிடையாது. பிறவியிலேயே அப்படித்தான் என்று அவர் கணவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். பெண் பார்க்கப் போன அன்று இவர் அவரை நாலு கேள்வி கேட்டாராம், மனிதர் இன்னும் ஒன்றுக்குப் பதில் சொல்லவில்லையாம். எந்தக் கேள்வி என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

கடை முதலாளிக்கு இந்தக் குணம் பெரிய தலைவலி. "ஒரு நாளைக்குப் பத்துப் பேரைத் துரத்தி விடறாங்க" என்று யாரைப் பார்த்தாலும் புலம்புவார். ஆனால் பதினொரு வருடமாக வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. தன் வீட்டுக்கு மருந்து வேண்டுமென்றால் அவர் கையால் கொடுத்தால்தான் எடுத்துக்கொண்டு போவார்.

இனி எங்கள் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மலைத் தடத்தில் கண்டக்டர். கீழே இருந்து மேலே போக மூன்று மணி நேரம், இருபத்து நாலு கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் பேச்சு நிற்கும். பத்தாவது வளைவில் ஜன்னல்கள் திறக்கும். அதற்கப்புறம் நடப்பதை நான் எழுதப் போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருக்கலாம். எங்கள் தடத்தில் கிளீனர் கிடையாது. மேலே போய்ச் சேர்ந்ததும் வாளியும் துடைப்பமுமாக வண்டியைக் கழுவ வேண்டியது கண்டக்டர் தலையெழுத்து.

அதனால் மலைக் கண்டக்டர்கள் எல்லோரும் சட்டைப் பையில் வாந்தி மாத்திரை வைத்திருப்போம். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் ஆளுக்கொன்று நீட்டுவோம். ஆனால் முன்பின் தெரியாத கண்டக்டர் நீட்டுகிற மாத்திரையை யார் வாங்கி விழுங்குவார்கள்? இதற்கு எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். முதல் மாத்திரை டிரைவருக்கு. டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க ஒரு மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். ஓட்டுகிறவரே போட்டுக்கொள்கிறார், நமக்கென்ன என்று நாற்பது கையும் நீளும். மேலே போகும்போது ஒன்று, கீழே வரும்போது ஒன்று. என் வண்டி அந்தத் தடத்திலேயே சுத்தமான வண்டி என்று பெயர் வாங்கியது. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமில்லை.

இந்த வேலைக்கு வந்த புதிதில் மாத்திரை வாங்கக் கேள்விக்காரம்மாவிடம்தான் போனேன்.

"வாந்தி மாத்திரை அம்பது குடுங்க."

"யாருக்கு?"

"பஸ்ல வர்றவங்களுக்கு."

"அதுல ரெண்டு வயசுக்குக் கீழ எத்தனை குழந்தைங்க? வயித்துல பிள்ளையோட எத்தனை பேரு? நீர் பிரியறதுல கஷ்டப்படற பெரியவங்க எத்தனை பேரு? தூக்க மருந்து சாப்பிடறவங்க?"

"நான் என்ன மக்கள் தொகைக் கணக்கா எடுக்கறேன்? டிக்கெட் கிழிக்கிற ஆளு."

"அப்ப டிக்கெட்டோட நிறுத்திக்குங்க. மாத்திரை வேணுங்கறவங்க நேர்ல வந்து வாங்கிக்கட்டும். கைக்குழந்தைக்குக் கால் மாத்திரைன்னு உடைச்சுக் குடுத்து, அது தூக்கத்துல மூச்சு விட மறந்துட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சிரித்தார். எனக்கு மானம் கப்பலேறிவிட்டது. நேராக நிலையத்தின் பின்புறத்தில் இருந்த இன்னொரு கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் வாயே திறக்காமல் ஐம்பது மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மனிதன் என்றால் இவன் மனிதன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு காரியம் மட்டும் அன்றிலிருந்து செய்தேன், கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினேன். ஆனால் அந்த அம்மாள் சொல்லித்தான் நிறுத்தினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

என் வண்டியின் டிரைவர் வேறு யாருமில்லை, என் அக்காவின் கணவர். மாமா இருபத்திரண்டு வருடம் மலையில் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. முன்கண்ணாடியை வேறு யாரையும் துடைக்க விட மாட்டார், பழைய செய்தித்தாளைச் சுருட்டி அவரே துடைப்பார். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. கல்யாண வீடுகளில் சோடாவைக் கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அவருக்குச் சனி தூசி ரூபத்தில் வந்தது. மலைப் பாதையை அகலப்படுத்தும் வேலை தொடங்கியதும் வழியெல்லாம் கல் உடைக்கிற புழுதி. மாமா தும்ம ஆரம்பித்தார். ஒரு தும்மல் இரண்டு தும்மல் இல்லை, ஒன்பது பத்து என்று அடுக்கடுக்காக. டிப்போவில் யாரோ சொல்லித் தும்மலுக்கு மாத்திரை வாங்கிப் போட்டார், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சளியும் சேர்ந்துகொண்டது. அக்கா ஒரு சிரப் பாட்டிலை வாங்கி வைத்து, வேளைக்கு ஒரு மூடி குடித்தாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வாள். தும்மல் நின்றது. மனிதரும் கூடவே நின்று போனார்.

முதலில் பேச்சு குறைந்தது. பிறகு வாய் உலர்ந்து போகிறது என்று ஓயாமல் தண்ணீர் குடித்தார். சாப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்தபடி கண் செருகினார். வீட்டு விஷயம் எதைக் கேட்டாலும் "ம்" என்பார். அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே நிறுத்தி "வாயைத் திறங்க" என்று மோப்பம் பிடிப்பாள். ஒன்றும் கிடைக்காது. அதனால் சந்தேகம் தீரவில்லை, வாசனை வராத ஏதோ ஒன்றைக் குடிக்கிறார் என்று இன்னும் வளர்ந்தது.

டிப்போவில் இரண்டு புகார் வந்தது. நிறுத்தத்தில் நிற்காமல் போனார் என்று ஒன்று. எதிரே வந்த காரை உரசப் பார்த்தார் என்று ஒன்று. மூன்றாவது புகார் யாரும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லாமல் வந்தது. ஒரு நாள் காலை, பதினாலாவது வளைவு தாண்டி நேர் ரோடு. நான் பின்னால் டிக்கெட் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். வண்டி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போய் மலையோரத் தடுப்புச் சுவரில் உரசி, இருபது அடி கிழித்துக்கொண்டு நின்றது. பக்கக் கண்ணாடி போயிற்று, தகரம் போயிற்று. ஆளுக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்லை. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் பள்ளம். வண்டி சுவர்ப் பக்கம் சாய்ந்ததால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். மாமா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "தூங்கிட்டேனா?" என்று என்னைக் கேட்டார். அவருக்கே தெரியவில்லை.

ஊத வைத்துப் பார்த்தார்கள், குடிக்கவில்லை என்று வந்தது. "ஊதினா தெரியாத சரக்கு எவ்வளவோ இருக்கு" என்றார் டிப்போ மேனேஜர். வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, பத்து நாளில் விசாரணை என்று தாள் கொடுத்தார்கள். மூன்றாவது புகார் என்றால் விசாரணை வெறும் பேச்சுக்குத்தான், வீட்டுக்கு அனுப்புவது நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும். லைசென்சும் போய்விடும். ஐம்பத்தோரு வயதில் வண்டி ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர், குடிகாரர் என்ற பட்டத்தோடு வீட்டில் உட்கார வேண்டும். அக்கா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

நாலாவது நாள் மாமாவுக்குத் தும்மல் மாத்திரை தீர்ந்து போயிற்று. நானும் கூடப் போனேன். வாயே திறக்காதவரின் கடை அன்றைக்கு என்று பார்த்துப் பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் எதிர்க் கடைக்குப் போனோம். நான் படிக்குக் கீழேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

"தும்மல் மாத்திரை ஒரு அட்டை" என்றார் மாமா.

"உங்களுக்கா? என்ன வேலை பாக்கறீங்க?"

மாமா கொஞ்சம் தயங்கினார். "டிரைவர்."

"இதைப் போட்டுட்டா ஓட்டறீங்க?"

"எட்டு மாசமா."

"வேற என்ன சாப்பிடறீங்க?"

"வேற ஒண்ணும் இல்லங்க. சளிக்கு ஒரு சிரப்."

"வேற?"

"அவ்வளவுதாங்க. அப்புறம் வாந்தி மாத்திரை, ஒரு நாளைக்கு ரெண்டு."

"உங்களுக்கு வாந்தி வருமா?"

"எனக்கா? பஸ்ல ஒரு நாளும் வந்ததில்லங்க. அது சும்மா காட்டறதுக்குப் போடறது."

கேள்விக்காரம்மா கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். கேள்வி தீர்ந்து போய் அவர் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு மெதுவாக, "யாருக்குக் காட்டறதுக்கு?" என்றார்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது.

பையில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார். தும்மல் மாத்திரையின் காலி அட்டை, சிரப், நான் கொடுத்த வாந்தி மாத்திரையில் மிச்சம் நாலு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். பிறகு மூன்றையும் ஒரே வரிசையில் நகர்த்தி வைத்தார்.

"மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. சட்டைதான் வேற வேற" என்றார். "இதுக்கு ஆன்டிஹிஸ்டமின்னு பேரு. தும்மலுக்கு நீங்க போடறது அதுல பழைய வகை, தூக்கம் நல்லா வரும். பிரயாண வாந்திக்குக் குடுக்கறதும் அதே வகைதான். சிரப்லயும் அதையே கலந்திருக்காங்க. ஒண்ணொண்ணும் நல்ல மருந்துதாங்க, தேவைப்படறவங்களுக்கு, அளவோட. நீங்க மூணையும் சேர்த்துப் போட்டுட்டு இருபத்தி நாலு வளைவு ஏறியிருக்கீங்க. ராத்திரி போட்டது காலையில கூட முழுசா இறங்கியிருக்காது."

மாமா கவுண்டரை இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்ப மூளையில கட்டி இல்லையா?"

"யார் சொன்னா கட்டின்னு?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன். எட்டு மாசமா. வீட்டுல சொல்லல."

எட்டு மாதம் அந்த மனிதர் சாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னோடு வண்டி ஏறியிருக்கிறார். நான் அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு நாளும் இரண்டு மாத்திரையைச் சிரித்துக்கொண்டே நீட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கையைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

"இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்" என்று சொல்லி, எந்த மருந்து, எத்தனை வேளை, எத்தனை மாதமாக என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினார். "நாளைக்கு, நாளன்னிக்குன்னு தள்ளாதீங்க. இப்பவே போங்க. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் சைக்கிள் கூடத் தொடாதீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். "கண்டக்டரே, உள்ள வந்து உக்காருங்க. மொகம் வெளுத்துப் போச்சு" என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். நாலு அறை விட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

டாக்டர் தாளைப் படித்தார், மாமாவை மேலும் கீழும் சோதித்தார், வேறு நோய் எதுவும் இல்லை என்றார். சிரப்பையும் வாந்தி மாத்திரையையும் நிறுத்தினார். தும்மலுக்கு மூக்கில் அடிக்கிற மருந்தும், தூக்கம் அவ்வளவாகத் தராத புது வகை மாத்திரை ஒன்றும் எழுதினார். அதுவும் சிலருக்குத் தூக்கம் தரும், ஒரு வாரம் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும் என்றார்.

பழைய மருந்துகளை நிறுத்திய ஐந்தாம் நாள் காலை மாமா கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இது பத்து நிமிஷம் மெதுவா ஓடுதே. எத்தனை நாளா இப்படி ஓடுது? இந்த வீட்டுல யாருக்கும் கண்ணு தெரியாதா?" என்று ஒரு கத்து கத்தினார். அக்கா சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி திட்டு வாங்கியதை நான் பார்த்ததில்லை.

விசாரணை நாளும் வந்தது. மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் நான், மாமா, அக்கா. சேதத்துக்குச் சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். யாரும் கூப்பிடாமலே கேள்விக்காரம்மா துணிப் பையோடு வந்து சேர்ந்தார். கடை முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அனுப்பினாராம்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் கதை கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார்.

"தும்மல் மாத்திரை, சரி. சிரப், சரி. வாந்தி மாத்திரை எதுக்கு? இருபத்திரண்டு வருஷம் மலையில ஓட்டறவருக்கு வாந்தியா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். சொல்லியிருக்கலாம். என் மச்சான்தான் கொடுத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பயணிகளுக்கு மருந்து கொடுப்பது கம்பெனி விதிப்படி குற்றம் என்று அவருக்குத் தெரியும். கேள்விக்காரம்மாவுக்கும் தெரியும். அவர் எழுதிய தாளில் மாத்திரையின் பெயர் இருந்தது, கொடுத்தவன் யார் என்று இல்லை. ஊரையே கேள்வி கேட்கிற அந்த அம்மாள் இந்த ஒரு கேள்வியை மட்டும் என்னிடம் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன், நான் ஒன்றும் மகாத்மா இல்லை. அப்போது அக்கா என் மாமாவின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். எட்டு மாதம் சந்தேகப்பட்டவள், அந்த அறையில் எல்லோரும் பார்க்க அதைச் செய்தாள்.

"சார், நான்தான் குடுத்தேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அடிவாரத்தில் நிறுத்துவது, எழுந்து நின்று விழுங்குவது, நாற்பது கை நீளுவது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவருக்கு மட்டுமா?"

"மலைத் தடத்துல எல்லா டிரைவருக்கும் சார். முதல் மாத்திரை டிரைவருக்கு. அதுதான் வழக்கம்."

அவர் நம்பவில்லை. ஜன்னல் வழியாக யார்டில் நின்றிருந்த இன்னொரு மலை டிரைவரைக் கூப்பிட்டார். நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிற ஆள், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாந்தி மாத்திரை போடுவியா?"

"காலையில போட்டாச்சு சார்" என்றார் நெட்டை, கடமை தவறாத பெருமையோடு. "சாயங்காலத்துக்கும் பையில இருக்கு. உங்களுக்கு ஒண்ணு வேணுமா சார்?"

மேனேஜர் இன்னும் விடவில்லை. "இத்துனூண்டு மாத்திரை. பச்சைப் பிள்ளைங்களுக்கே குடுக்கறாங்க. இது ஆளைத் தூங்க வச்சிடுமா?"

கேள்விக்காரம்மா பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து, உள்ளே மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார். "நான் சொன்னா மருந்துக் கடைக்காரி சொல்றான்னு இருக்கும். நீங்களே படிங்க சார். சத்தமாப் படிங்க."

எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருந்தது. மேனேஜர் கண்ணாடியை மாட்டி, தாளைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, ஒரு வழியாகக் கண்டுபிடித்துப் படித்தார். "தூக்கத்தை உண்டாக்கும். இதை உட்கொண்டபின் வாகனம் ஓட்டுவதையும் இயந்திரங்களை இயக்குவதையும் தவிர்க்கவும். தூக்கம் தரும் பிற மருந்துகளுடனும் மதுவுடனும் சேர்த்து உட்கொள்ளக் கூடாது." நிறுத்தினார். முதலிலிருந்து இன்னொரு தடவை, இந்த முறை மெதுவாகப் படித்தார். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"இந்த நேரத்துல மலையில எத்தனை வண்டி இருக்கு?"

"மூணு சார்" என்றேன்.

அவர் போனை எடுத்த வேகத்தில் மேஜைமேல் இருந்த தண்ணீர் கொட்டியது. மூன்று வண்டியையும் அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தச் சொன்னார். டிரைவர்களை இறக்கி வேறு ஆள் போகிற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது என்று கத்தினார்.

எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கிடைத்தது. வேலை போகவில்லை. மாமாவின் மேல் இருந்த குற்றச்சாட்டு நீக்கப்பட்டது, ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு வாரம் ஓய்வுக்குப் பிறகு, டாக்டர் எழுதிக் கொடுத்தால், மேனேஜரே கூட உட்கார்ந்து வந்து மலை ஏறிப் பார்ப்பார். சரியாக ஓட்டினால்தான் வேலை.

அந்த வாரம் டிப்போவின் ஓய்வறையில் கேள்விக்காரம்மா ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் உத்தரவு. நாற்பத்தோரு டிரைவர்களும் பையைக் கொண்டுவந்து கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தார்கள். பதினேழு பேரிடம் தூக்கம் தருகிற ஏதோ ஒன்று இருந்தது. ஒருவர் அரிப்புக்கு என்று மனைவியின் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் நீர் பிரியாமல் ஆறு மாதமாக அவதிப்பட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார். அவர் பையில் சளி சிரப் இருந்தது. முதலில் இதை டாக்டரிடம் காட்டுங்கள் என்று அம்மாள் அனுப்பினார், சிரப்பை நிறுத்தியதும் நீர் பிரிந்தது, ஆபரேஷன் தேவைப்படவில்லை. சாயங்காலம் ஆனபோது அம்மாளின் தொண்டை கட்டிவிட்டது. கடைசி நாலு பேரைச் சைகையிலேயே கேள்வி கேட்டார். அவர்களும் சைகையிலேயே பதில் சொன்னார்கள்.

டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு போர்டும் வந்தது, வாசகம் அவருடையது. வாந்தி வருகிறவர்கள் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது கடைக்கு வந்து கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளவும், வண்டி ஏறியபின் போட்டால் பலன் குறைவு, முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கவும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கடையில் காலையிலிருந்தே வரிசை நின்றது. முதலாளி புலம்புவதை நிறுத்திவிட்டு வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

சோதனை ஓட்டத்தன்று மேனேஜர் முன் சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். மாத்திரை வேண்டுமா என்று முதல் நாளே அம்மாள் கேட்டிருந்தார். "எனக்கு வாந்தியெல்லாம் வராதுங்க" என்று சொல்லிவிட்டார். அடிவாரத்தில் ஒரு பெரியவர் பழைய ஞாபகத்தில் தன் மாத்திரையை மாமாவிடம் நீட்டி, "மொதல்ல நீங்க போடுங்க" என்றார். மாமா எழுந்து நின்றார். "ஐயா, நீங்க தூங்கலாம். நான் தூங்கக் கூடாது" என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். வண்டியே சிரித்தது.

ஏறினோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன், ஒவ்வொரு வளைவுக்கும் கியர். எதிரே லாரி வந்தால் அது தெரிவதற்கு முன்பே மாமா ஒதுங்கியிருந்தார். மேனேஜர் நோட்டை விட்டுத் தலையை எடுக்காமல் எழுதிக்கொண்டே வந்தார். வளைவில் குனிந்து எழுதக் கூடாது என்று அவருக்கு யார் சொல்வது? பதினேழாவது வளைவில் எழுத்து நின்றது. பத்தொன்பதில் முகம் பச்சையானது. இருபதில் நான் காகிதப் பையை நீட்டினேன். நேரத்துக்கு நீட்டினேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அன்று அந்த வண்டியில் வாந்தி எடுத்தது ஒரே ஒருவர்தான்.

மேலே போய் நின்றதும் அவர் இறங்கி வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு நோட்டை வண்டித் தகரத்தின்மேல் வைத்து, கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து மாமாவிடம் கொடுத்தார். "நாளையிலேர்ந்து டூட்டி. காலையில மொத வண்டி."

மாமா தாளை வாங்கிக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார். எதிரே பள்ளத்தாக்கு வெயிலில் கிடந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான், எட்டு மாசமா தினம் இந்த வழியாத்தான் வந்தேன். நான் இதைப் பாக்கவே இல்லடா" என்றார். கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. நானும் அழுதேன். அவர் காலைத் தொட்டேன். "போடா" என்று என் முதுகில் ஒரு குத்து விட்டார்.

போனை எடுத்து மருந்துக் கடைக்கு அடித்தேன். அம்மாள்தான் எடுத்தார். என்னால் இரண்டு வார்த்தைதான் பேச முடிந்தது. "மொத வண்டி" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு பதினொரு வருடத்தில் அந்தக் கடையில் யாரும் கேட்டிராத குரலில், "டிரைவருக்கு வேலை கெடச்சிடுச்சு!" என்று கூவினார். எந்த டிரைவர், என்ன வேலை என்று ஒன்றும் தெரியாத வரிசை முழுவதும் கைதட்டியது எனக்கு மலை உச்சியில் கேட்டது.